அப்பாவின் செல்பேசியில் செயலிகள் புதுப்பிக்கப்படாமல் நிற்கின்றன: எதைத் தானாகப் புதுப்பிக்க விடலாம்?

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் அப்பாவின் ஆண்ட்ராய்டு செல்பேசி குறித்து உதவி வேண்டி எழுதுகிறேன். அதில் இருப்பது ஆண்ட்ராய்டு 11. சேமிப்பிடம் 32 ஜிபி. வீட்டில் வைஃபை கிடையாது, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் முன்கட்டணத் திட்டத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டதா என்பதை அவர் வங்கிச் செயலியில்தான் பார்ப்பார். சென்ற வாரம் முதல், புதிய பதிப்பை நிறுவினால்தான் திறக்க முடியும் என்று அந்தச் செயலி சொல்கிறது. பிளே ஸ்டோரில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் ‘நிலுவையில் உள்ளது’ என்று காட்டுவதோடு சரி, மேற்கொண்டு எதுவும் நடப்பதில்லை.

இந்த நிலையில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வங்கியின் சின்னம் போட்டு, இன்றிரவுக்குள் செயலியைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று எழுதி, கீழே ஒரு ஏபிகே கோப்பையும் (பிளே ஸ்டோர் இல்லாமலேயே செயலியை நிறுவும் கோப்பு) இணைத்திருக்கிறார்கள். அப்பா அதைத் தொட்டதும், இந்த மூலத்திலிருந்து செயலிகளை நிறுவ அனுமதிக்கிறீர்களா என்று செல்பேசி கேட்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு என்னை அழைத்தார்.

அவருக்குப் புதுப்பிப்பு என்றாலே தயக்கம். முன்பு கியூஆர் குறியீட்டைப் படிக்க வைத்திருந்த ஒரு சிறு செயலி, புதுப்பித்த பிறகு திரை முழுக்க விளம்பரம் காட்டத் தொடங்கியதே காரணம். எனவே என் கேள்விகள் இவை: அந்தக் கோப்பைத் தொட்டதால் ஏதும் ஆகியிருக்குமா? பிளே ஸ்டோரில் புதுப்பிப்பு ஏன் நகர மறுக்கிறது? எல்லாச் செயலிகளையும் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடலாமா, அல்லது ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வதே பாதுகாப்பா?

செல்பேசி பழுதுநீக்குபவர், திருச்சி

வணக்கம் சகோதரி. தங்கள் தந்தையார் அந்த இடத்தில் நிறுத்தியது மிகச் சரியான செயல். கோப்பைத் தொட்டதால் மட்டும் எதுவும் ஆகிவிடாது. நிறுவும் அனுமதியைக் கொடுத்து, பிறகு நிறுவு என்பதையும் அழுத்தியிருந்தால்தான் அது செல்பேசிக்குள் போயிருக்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. அவரிடம் வந்த கேள்வி, வாட்ஸ்அப்புக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்பதுதான்.

இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அமைப்புகளில் அறியப்படாத செயலிகளை நிறுவுவதற்கான பட்டியலைத் திறந்து, வாட்ஸ்அப், உலாவி, கோப்பு மேலாளர் என எதற்கும் அனுமதி இல்லாதபடி வையுங்கள். அடுத்து, செயலிகளின் முழுப் பட்டியலில் வங்கியின் பெயரில் இரண்டு செயலிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். திரையில் உள்ளதைப் படிக்கவும் இயக்கவும் செயலிகளுக்கு வழிவிடும் அணுகல்தன்மை அமைப்பிலும், செல்பேசியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தரும் சாதன நிர்வாகிப் பட்டியலிலும் அறிமுகமில்லாத பெயர் ஏதும் இருக்கக்கூடாது. பிளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டால், தீங்கு தரும் செயலிகளைத் தேடும் பிளே புரொடெக்ட் வரும். அதில் ஒருமுறை சோதனை செய்யுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்தக் கோப்பையும் செய்தியையும் அழித்துவிட்டு எண்ணைத் தடைசெய்து புகாரளிக்கலாம்.

எங்கள் கடைக்கு இதே வகைக் கோப்புகளை நிறுவிவிட்டு வருபவர்கள் உண்டு. போக்குவரத்து அபராதச் சலான், உழவர் உதவித்தொகை, திருமண அழைப்பிதழ், வங்கி கேஒய்சி என்று பெயர்தான் மாறும். உள்ளே குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைக் கடத்துவதே வேலை. ஒருவேளை யாரேனும் நிறுவியிருந்தால், உடனே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு செல்பேசியிலிருந்து வங்கியையும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தொலைபேசியில் பேசியபடியே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். வங்கிச் செயலி ஒன்றுதான் இருக்கிறது. அணுகல்தன்மையிலும் எதுவும் இல்லை. ஆனால் நிறுவும் அனுமதிப் பட்டியலில், கோப்புகளை ஒரு செல்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஒரு செயலிக்கு ஏற்கெனவே அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. செல்பேசி வாங்கிய கடையில் சில செயலிகளை அதன் வழியாகத்தான் ஏற்றிக் கொடுத்தார்களாம். அதை நீக்கச் சொல்லிவிட்டேன். சேமிப்பிடத்தில் மீதம் ஒரு ஜிபிகூட இல்லை. பிளே ஸ்டோரில் தானியங்கிப் புதுப்பிப்பு ‘வைஃபையில் மட்டும்’ என்று இருக்கிறது.

மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்

தாங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. ‘வைஃபையில் மட்டும்’ என்ற அமைப்பு வைஃபை இருக்கும் வீட்டுக்குப் பொருத்தமானது. வைஃபையே இல்லாத வீட்டில் அதன் பொருள், ஒருபோதும் தானாகப் புதுப்பிக்காதே என்பதுதான். நம் ஊர்களில் எத்தனையோ பெரியவர்களின் செல்பேசிகள் இப்படித்தான், யாரும் அணைக்காமலேயே புதுப்பிப்பு அணைந்த நிலையில் இருக்கின்றன. ஆகவே அவர் செல்பேசியில் வங்கிச் செயலி மட்டும் பழையதாக இருக்க வாய்ப்பில்லை. குரோம், வெப்வியூ, வாட்ஸ்அப் எல்லாமே பின்தங்கியிருக்கும்.

முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். புதிய பதிப்பு இறங்குவதற்கும், அதை விரித்து நிறுவி முடிக்கும்வரை பழைய பதிப்போடு சேர்த்து வைத்திருப்பதற்கும் செல்பேசிக்கு இடம் தேவை. செயலியின் அளவுக்குச் சரியாக இடம் இருந்தால் போதாது. குறைந்தது 3 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலும் இடத்தை அடைத்திருப்பவை குடும்பக் குழுக்களில் வரும் காணொளிகளும் காலை வணக்கப் படங்களும்தான். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி, பெரிய கோப்புகளை அளவு வாரியாகக் காட்டும், அங்கிருந்தே அழிக்கலாம். படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செல்பேசியின் அமைப்புகளில் வாட்ஸ்அப்பின் ‘தரவை அழி’ என்ற பொத்தானை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். உரையாடல்கள் அனைத்தும் போய்விடும். ‘தற்காலிகச் சேமிப்பை அழி’ என்பது வேறு, அதனால் தீங்கில்லை.

அதன்பின் பிளே ஸ்டோரில் வரிசையில் நிற்கும் மற்ற பதிவிறக்கங்களை ரத்து செய்துவிட்டு, ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, குரோம், வங்கிச் செயலி, வாட்ஸ்அப் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். வெப்வியூ என்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் மற்றச் செயலிகள் தமக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட அதைத்தான் பயன்படுத்துகின்றன. 2021 மார்ச்சில் அதில் நேர்ந்த ஒரு பிழையால் ஜிமெயில் உட்பட எத்தனையோ செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. கூகுள் வெளியிட்ட அடுத்த பதிப்பை நிறுவிய பிறகே அது சரியானது. வங்கிச் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமே என்று தோன்றும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் பதிவு செய்ய, வங்கியில் கொடுத்துள்ள எண்ணின் சிம் அதே செல்பேசியில் இருந்து குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் மறைவிசையால் கையொப்பமிடப்படுகிறது. புதிய பதிப்பு வரும்போது, ஏற்கெனவே உள்ளதன் கையொப்பமும் வருவதன் கையொப்பமும் ஒத்துப்போகின்றனவா என்று இயங்குதளம் சோதிக்கும். ஒத்துப்போகாவிட்டால் நிறுவ மறுத்துவிடும். மோசடிக்காரர்களிடம் வங்கியின் மறைவிசை இல்லை. ஆகவே அவர்கள் அனுப்பும் கோப்பால் தங்கள் தந்தையாரின் வங்கிச் செயலியைப் புதுப்பிக்கவே முடியாது; அதே சின்னத்தைப் போட்டுக்கொண்டு, வேறு அடையாளத்தில், இன்னொரு செயலியாகப் பக்கத்தில்தான் உட்கார முடியும். திருச்சி நண்பர் இரண்டு செயலிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். வங்கிச் செயலிக்கான புதுப்பிப்பு என்று சொல்லிக்கொண்டு குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ உலாவியின் அறிவிப்பிலோ எது வந்தாலும், தந்தையார் செய்ய வேண்டியது ஒன்றே: அதைத் தொடாமல், பிளே ஸ்டோரைத் தாமே திறந்து அங்கே பார்ப்பது.

ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர், மதுரை

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் தானியங்கிப் புதுப்பிப்பை எல்லாவற்றுக்கும் திறந்துவிடும்படி சகோதரிக்கு அறிவுரை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவருடைய தந்தையாரின் தயக்கத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. பார்கோடு ஸ்கேனர் என்ற பெயரில் பிளே ஸ்டோரில் 1 கோடிக்கும் மேற்பட்ட முறை நிறுவப்பட்டிருந்த ஒரு செயலி, பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிவிட்டு, 2020 டிசம்பரில் வந்த ஒரே புதுப்பிப்பில் தீங்கு நிரலாக மாறியது. உலாவியைத் தானாகத் திறந்து விளம்பரப் பக்கங்களுக்கு இழுத்துச் சென்றது. மால்வேர்பைட்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்டறிந்து வெளியிட்டது. பிளே ஸ்டோரிலிருந்து அது அகற்றப்பட்ட பிறகும், ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் தாமே நீக்க வேண்டியிருந்தது. அதேபோல் ஐரெக்கார்டர் என்ற திரைப்பதிவுச் செயலி 2021 செப்டம்பரில் தூய்மையாகப் பிளே ஸ்டோருக்கு வந்து, சுமார் ஓராண்டு கழித்து வந்த பதிப்பில் சுற்றுப்புற ஒலியைப் பதிவுசெய்து வெளியே அனுப்பும் நிரலைச் சேர்த்துக்கொண்டது. ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அதை 2023 மே மாதத்தில் வெளிப்படுத்தியது.

இரண்டிலும் நம்பிக்கையைப் பெற்றுக்கொடுத்தது பழைய பதிப்பு. கேட்டைக் கொண்டுவந்தது புதுப்பிப்பு. கையொப்பச் சோதனை இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது, ஏனெனில் கையொப்பம் சரியானதாகவே இருந்தது. ஆகவே நான் தானியங்கியை அணைத்து வைத்து, வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து, மற்றவர்கள் எழுதும் புகார்களையும் படித்த பிறகே புதுப்பிக்கிறேன்.

மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்

ஐயா குறிப்பிட்ட இரண்டு நிகழ்வுகளும் உண்மை. அவற்றை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 2019 மே மாதத்தில் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. அழைப்பை எடுக்காவிட்டாலும் செல்பேசிக்குள் உளவு மென்பொருள் இறங்கிவிடும். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் அவ்வழியாகச் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது என்று வாட்ஸ்அப் வழக்குத் தொடுத்தது. அவர்களில் இந்தியர்களும் இருந்தனர். அதற்குப் பயனரிடம் இருந்த ஒரே மருந்து, புதிய பதிப்பு. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் நிரல் தொகுப்பில் ஓட்டை கண்டறியப்பட்டபோது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கி அந்தத் தொகுப்பைப் பயன்படுத்திய அத்தனைச் செயலிகளும் திருத்தப்பட வேண்டியிருந்தது. திருத்தம் வெளியாகும் நாளிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது என்பதால், அதன்பின் பழைய பதிப்பில் இருப்பவரின் ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அதனால் நான் செயலிகளை இரண்டு விதமாகப் பார்க்கிறேன். முகமறியாதவர்கள் அனுப்பும் செய்தி, படம், அழைப்பு, இணையப் பக்கம் ஆகியவற்றைத் திறந்து காட்டுபவை ஒரு விதம்: உலாவி, வெப்வியூ, வாட்ஸ்அப், மின்னஞ்சல். பணத்தைக் கையாளும் வங்கி, யுபிஐ செயலிகளையும் இவற்றோடு சேர்க்கிறேன். இவை தாமாகவே, கூடிய விரைவில் புதுப்பிக்கப்பட வேண்டும். ஐயா சொன்ன ஸ்கேனரும் திரைப்பதிவுச் செயலியும் இன்னொரு விதம்: ஒரே ஒரு சிறு வேலைக்காக இறக்கி, மறந்துபோனவை. இவற்றுக்குப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது உண்மையான தீர்வாகாது. ஐரெக்கார்டரின் மாற்றம் வெளிப்படப் பல மாதங்கள் ஆயின. ஒரு வாரம் காத்திருந்து புகார்களைப் படித்தவர்களுக்கும் அது புலப்பட்டிருக்காது. இந்த வகைச் செயலிகளை நீக்குவதுதான் தீர்வு. பெரும்பாலான செல்பேசிகளில் கியூஆர் குறியீட்டைக் கேமராவோ கூகுள் லென்ஸோ படித்துவிடும்; டார்ச், கால்குலேட்டர் எல்லாம் செல்பேசியிலேயே இருக்கின்றன.

நீக்க மனமில்லாத செயலிக்கு, பிளே ஸ்டோரில் அதன் பக்கத்தைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதற்கு மட்டும் தானியங்கியை அணைக்கலாம். அதைவிட முக்கியம் அதன் அனுமதிகள். புதிதாக மைக் வேண்டும் என்றால் செயலி கேட்டாக வேண்டும். ஆனால் ஒரே தொகுப்பைச் சேர்ந்த வேறொரு அனுமதியை முன்பே கொடுத்திருந்தால், புதுப்பித்த பிறகு அதே தொகுப்பின் இன்னொரு அனுமதி கேட்காமலேயே கிடைத்துவிடலாம். குறுஞ்செய்தி தொடர்பான அனுமதிகள் இப்படி ஒரு தொகுப்பு. எனவே குறுஞ்செய்தி, மைக், அணுகல்தன்மை ஆகியவற்றின் அனுமதியை எந்தெந்தச் செயலிகள் வைத்திருக்கின்றன என்பதை மாதம் ஒருமுறை பார்ப்பது, புதுப்பிப்புப் பட்டியலைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது என்று கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர், மதுரை

சிறு செயலிகளை நீக்குவதே நல்லது என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். என் செல்பேசியில் என் வழக்கம் என்னோடு இருக்கட்டும். வாரந்தோறும் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரமும் விருப்பமும் உண்டு. வயதான ஒருவரின் செல்பேசியில், அதைத் தொலைவிலிருந்து கவனிக்கும் மகளுக்கு, தானியங்கியும் குறைவான செயலிகளுமே ஏற்றவை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, நேரில் அமர்ந்து செய்தேன். குடும்பக் குழுவின் காணொளிகளை அழித்ததில் 6 ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது. வெப்வியூவும் குரோமும் முடிந்தவுடன் வங்கிச் செயலியும் தடையின்றிப் புதுப்பிக்கப்பட்டுத் திறந்துவிட்டது. இரண்டு சிக்கல்கள் எஞ்சியிருக்கின்றன. அப்பா பாட்டு கேட்கும் ஒரு செயலி மட்டும், ஏற்கெனவே உள்ள தொகுப்போடு முரண்படுகிறது என்று சொல்லி ஏற மறுக்கிறது. அடுத்து, செல்பேசியின் அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி 2022 என்று காட்டுகிறது. புதிதாக எதுவும் இல்லை என்கிறது.

செல்பேசி பழுதுநீக்குபவர், திருச்சி

முதல் சிக்கல் கடையில் ஏற்றிக் கொடுத்ததன் விளைவு. அந்தச் செயலியின் தகவல் பக்கத்தில் கடைசிவரை கீழே போனால், அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்று எழுதியிருக்கும். கூகுள் பிளே ஸ்டோர் என்று இல்லாவிட்டால், யாரோ பிரித்து மாற்றித் தம் கையொப்பத்தோடு மறுபடி கட்டிய பிரதியாக இருக்கக்கூடும். கையொப்பம் வேறு என்பதால்தான் உண்மையான பதிப்பு அதன் மேல் ஏற மறுக்கிறது. அதை நீக்கிவிட்டு பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக நிறுவுங்கள். கடையில் ஏற்றிய மற்றவற்றையும் இதே முறையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்

இரண்டாவது சிக்கலுக்கு முழுத் தீர்வு நம் கையில் இல்லை. ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை கூகுள் 2015 ஆகஸ்ட் முதல் தொடர்ந்து வெளியிட்டு வந்தாலும், அவற்றை அந்தந்த மாடலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது செல்பேசியைத் தயாரித்தவரின் பொறுப்பு. அவர்கள் நிறுத்திவிட்டால் சிப்பின் இயக்கிகளிலும் இயங்குதளத்தின் கருவிலும் (கெர்னல்) உள்ள ஓட்டைகள் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் இயங்குதளத்தின் சில பகுதிகள் மட்டும் கூகுள் பிளே சிஸ்டம் புதுப்பிப்பு என்ற பெயரில் தனியாக வருகின்றன. அதைப் பாதுகாப்பு அமைப்புகளில் தேடி நிறுவி, செல்பேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். கோப்பு வழியாக நிறுவிய செயலி அணுகல்தன்மையைக் கைப்பற்றுவதற்குத் தடை போடும் வசதி ஆண்ட்ராய்டு 13இல்தான் வந்தது. இந்தச் செல்பேசிக்கு அது கிடைக்காது. ஆகவே அடுத்த செல்பேசி வாங்கும்வரை, யுபிஐ இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்து, ஓய்வூதியத்தின் மீதியை வேறு கணக்குக்கு மாற்றிவிடச் சொல்வேன். புதியது வாங்கும்போது, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதைக் கேமராவுக்கு முன்பாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

பாட்டுச் செயலியை மாற்றிவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது. கணக்கைப் பிரிப்பது பற்றி அப்பாவிடம் பேசினேன், ஒப்புக்கொண்டார். கடைசியாக ஒன்று: தானியங்கியை எந்த நெட்வொர்க்கிலும் என்று மாற்றினால் அவருடைய அன்றாடத் தரவு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். நான் வரும்போதெல்லாம் என் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைஃபையாகக் கொடுத்தால், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா?

மென்பொருள் சோதனையாளர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் செய்யாது. ஒரு ஆண்ட்ராய்டு செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு செல்பேசி இணையும்போது, இது அளவிடப்படும் இணைப்பு, அதாவது தரவைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு என்ற குறிப்பும் சேர்ந்தே போகிறது. அதைப் பார்த்துத் தானியங்கிப் புதுப்பிப்பு ஒதுங்கிக்கொள்ளும். தந்தையாரின் செல்பேசியில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து, அளவிடப்படாததாகக் கருது என்று மாற்றினால் நடக்கும். செல்பேசி மின்னேற்றியில் இருந்து, யாரும் பயன்படுத்தாமல் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்த வேலை நடக்கிறது என்பதால், இரவில் போட்டு வையுங்கள். தரவு தங்கள் கணக்கில் குறையும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். தாங்கள் ஊரில் இல்லாத வாரங்களில் வங்கிச் செயலி, வாட்ஸ்அப், குரோம், வெப்வியூ ஆகிய நான்கையும் மட்டும் தந்தையாரே, அன்றைய தரவு மீதமிருக்கும் இரவு நேரத்தில், பிளே ஸ்டோரைத் திறந்து கையால் புதுப்பிக்கலாம். நாளொன்றுக்கு ஒரு செயலி என்று வைத்துக்கொண்டால் 1.5 ஜிபிக்குள் எளிதாக அடங்கிவிடும்.